பயிலுதலும் பயிற்றுதலும்

‘ஆடு’ என்னும் வினை தன்வினை. அதன்கண் ஓர் ஒற்று மிக்கு ‘ஆட்டு’ என்றாயின் அது பிறவினையாம். ‘பயில்’ என்பது ‘பயிற்று’ என்றாவதும் அவ்வகையினதே. இலக்கண வகுப்பில் ஓரிரு நிமிடத்திற் கற்று, தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெற்று, பின் மறந்துவிடற்குரிய இச்சிறு வேறுபாடு வாழ்க்கையில் எத்துணைப் பெரிதென்பதை யான் சென்ற ஆண்டு நம் கல்லூரிக் கூடைப்பந்துத் தளத்திற் கண்டேன். அதற்கு முன்னாண்டுவரை எம்மோடு பந்தாடிய அக்காள் ஒருவர், பட்டம் பெற்று வெளியேறியபின், மகளிர் அணிக்குத் துணைப் பயிற்றுநராக அத்தளத்திற்கே மீண்டு வந்தார். ‘ஆடினாள்’ என்பது ‘ஆட்டினாள்’ என்று மாறுதற்கு ஓர் ஒற்றுப் போதும். அம்மாற்றத்தை ஒரு பெண் தன்னுள் நிகழ்த்துதற்கு யாது வேண்டும் என்பதே ஈண்டு யான் ஆராயப் புகுந்த பொருள்.

கூடைப்பந்து அயல்நாட்டு விளையாட்டு என்பது யாவரும் அறிந்ததே. 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரில், வை. எம். சி. ஏ. சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், பனிக்காலத்தில் வெளியே ஆட வழியின்றிச் சலிப்புற்றிருந்த மாணாக்கரை அடக்குதற்பொருட்டு அதனைக் கண்டார். பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, 13 விதிகள் எழுதி, பதினெண்மரை ஒன்பதின்மராகப் பகுத்து ஆடவிட்டார். கூடை போய் இரும்பு வளையமும் வலையும் வந்தன, ஒன்பதின்மர் ஐவராயினர், அப்பத்தடி உயரம் மட்டும் இன்றளவும் மாறிற்றில்லை.

அவரைப் பற்றிய வேறொரு செய்தியே நம் பொருளுக்கு வேண்டற்பாலது. நெய்ஸ்மித் 1898 முதல் 1907 வரை கான்ஸாஸ் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்றுநராயிருந்தார். அக்காலத்தில் அவ்வணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. அப்பல்கலைக்கழகத்துக் கூடைப்பந்துப் பயிற்றுநர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுந்தவர் இவர் ஒருவரே. விளையாட்டைப் படைத்தவர்க்கே அதனைப் பயிற்றுதல் வேறொரு கலையாய் நின்றதெனின், அதனை நன்கு ஆடினார் என்ற அளவில் ஒருவரைப் பயிற்றுநர் எனக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

மகளிர் இவ்விளையாட்டை ஆடத் தொடங்கியது நெடுநாட் சென்ற பின்னர் அன்று. ஸ்பிரிங்பீல்டுக்கு அணித்தாகிய நார்தாம்ப்டன் நகரத்து ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாயிருந்த செண்டா பெரன்சன், 1892-இலேயே இதனைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். 1893-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிர்த்தாடினர். ஆடவர் காண விடப்பட்டிலர். பெண்டிர் உடல் தாங்காது என்ற அந்நாளைய எண்ணத்திற்கு இணங்கி, அவ்வம்மையார் தளத்தை மூன்றாகக் கோடிட்டு, ஒரு கூற்றில் நிற்பாள் மற்றொரு கூற்றிற் புகலாகாதென விதித்தார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறித்தலையும் விலக்கினார். இன்று அக்கோடுகள் இல்லை. எனினும் பெண் ஒருத்தி எதுவரை செல்லலாம் என்று கோடிடும் வழக்கம் தளத்திற்கு வெளியே முற்றும் ஒழிந்ததெனச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் நாட்டிற்கும் இவ்விளையாட்டு அச்சங்கத்தின் வழியே வந்தது. நெய்ஸ்மித்தின் முதல் ஆட்டத்தில் ஓரணிக்குத் தலைவராய் நின்ற டங்கன் பாட்டன் என்பாரே 1894-இல் இதனை இந்தியாவிற் புகுத்தினார் என்பர். 1920-இல் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய வை. எம். சி. ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியிற் பயின்றோர் தமிழ்நாட்டுப் பள்ளிகள்தோறும் பரவினர். 1934-இல் ஆடவர்க்குரிய முதல் தேசியப் போட்டி புதுதில்லியில் நடைபெற்றது. 1950-இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. ஒலிம்பிக் விழாவில் மகளிர் கூடைப்பந்து இடம்பெற்றதோ 1976-இல் மாண்ட்ரியால் நகரிலேதான்.

இனி, துணைப் பயிற்றுநர் என்பார் யாவர்? அணியின் பெஞ்சில் தலைமைப் பயிற்றுநர்க்கு அடுத்து அமர்பவர். ஆட்டம் நிகழுங்கால் இவ்விருவருள் ஒருவரே ஒரு நேரத்தில் நிற்கலாம் என்பது உலகச் சம்மேளனத்தின் விதி. தலைவர் எழின் துணைவர் அமர்தல் வேண்டும். தலைவர் வெளியேற்றப்படினும், நோய்வாய்ப்படினும், அந்நொடியே துணைவர் அவ்விடத்தை ஏற்றல் வேண்டும். எப்பொழுதும் அமர்ந்திருந்து, எப்பொழுதும் எழுதற்கு ஆயத்தமாயிருத்தலே அப்பதவியின் இயல்பு.

அமர்ந்திருத்தலால் வேலை இல்லையென எண்ணற்க. ஒருத்தி ஐந்தாம் பவுல் செய்யின் ஆட்டத்தை விட்டு நீங்கல் வேண்டும். ஆகவே யார் யார் எத்தனை பவுல் செய்தனர் என்பது துணைவர் விரல் நுனியில் நிற்றல் வேண்டும். பத்து நிமிடக் கால்பகுதி ஒன்றில் அணி முழுமையும் நான்கு பவுலைக் கடப்பின், எதிரணிக்கு ஈரெறிகள் வாய்க்கும். அவ்வெல்லையை அணுகுமுன் எச்சரித்தலும் அவர் கடனே. முற்பாதியில் இரண்டு, பிற்பாதியில் மூன்று என அளந்து தரப்பட்ட ஓய்வுவேளைகளில் எத்தனை எஞ்சின என்பதையும் அவரே நினைவிற் கொள்வர். ஆட்டமில்லா நாட்களில் எதிரணியின் ஆட்டத்தைக் கண்டு குறித்தலும், எறிதல் பிழைக்கும் ஒருத்தியைத் தனியே நிறுத்தி அவள் முழங்கையையும் மணிக்கட்டையும் திருத்துதலும், எல்லார்க்கும் முன் வந்து பந்துகளுக்குக் காற்றடித்தலும் அவர்க்கே உரியன. செய்தித்தாளில் இவற்றுள் ஒன்றும் வாராது.

மகளிர் அணிக்கேயுரிய கடமை ஒன்று உளது. ஓடி வந்து குதித்து ஒருகாலில் இறங்குங்கால் முழங்காலினுள் உள்ள குறுக்குப் பிணைநார் அறுதல் கூடைப்பந்தாடுவோர்க்கு நேரும் பெருந்தீங்கு. இஃது ஆடவரினும் மகளிர்க்கு மிகுதியாக நேர்கின்றதென்பது மருத்துவர் பலரும் ஆராய்ந்து கண்ட உண்மை. முழங்கால் உள்நோக்கி மடியாமல், இரு காலிலும் எடை பகிர்ந்து, இடுப்பைத் தாழ்த்தி இறங்குமாறு நாள்தோறும் பழக்கின் அத்தீங்கு குறையும் என்பதும் அவர்கள் கண்டதே. இப்பழக்கம் சலிப்பூட்டுவது, பந்தைத் தொடாமற் செய்வது, எவரும் விரும்பார். ‘இன்னும் பத்து முறை குதியுங்கள்’ என்று நின்று கேட்பவர் பெரும்பாலும் துணைப் பயிற்றுநரே. தாமும் முழங்காலிற் பட்டையணிந்து ஆடியவர் அங்ஙனம் கேட்குங்கால் மறுத்தற்கு வாய் வருவதில்லை.

இவ்விடத்து நம் பாடநூல் ஒன்று துணை நிற்கின்றது. கொங்குநாட்டுச் சீனாபுரத்தினர் என்று கருதப்படும் பவணந்தி முனிவர், தம் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியர்க்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமையாக்கியதோடு நில்லாது, ஆசிரியராதற்குத் தகாதார்க்கும் நான்கு உவமை கூறினார்: கழற்காய் பெய்த குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. இந்நான்கையும் யான் முதன்முறை படித்தபொழுது பழங்காலத்து ஏட்டுப் பள்ளிக்கே உரியவை என்றெண்ணினேன். தளத்தின் ஓரத்தில் அமர்ந்து நோக்கிய பின்னரே, சிறந்து ஆடியோர் பயிற்றுநராகுங்கால் வந்தடையும் குற்றங்கள் இவையே என்பது புலனாயிற்று.

கழற்காய்களை ஒவ்வொன்றாகக் குடத்திலிட்டுக் கவிழ்த்தால் அவை இட்ட முறையில் வாரா. நன்றாக ஆடுவாள் ஒருத்தி, முதலிற் காலடி, பின் உடல்திருப்பம், பின் கை என முறையாகவே கற்றிருப்பாள். ஆயின் ஆண்டுகள் செல்ல அம்முறை அவள் உடம்பிற் கரைந்து மறைந்துபோம். புதியவளுக்குக் காட்டப் புகின், தன் ஆட்டத்தில் இறுதியாக அமைந்த அருந்திறத்தையே முதலிற் கொட்டிவிடுவாள். அக்காள் வந்த முதல் வாரத்தில் இதுவே நிகழ்ந்தது. ‘இப்படி’ என்று சொல்லி ஒரு லே-அப் போட்டுக் காட்டுவார், பந்து வளையத்துள் வீழும், நாங்கள் வியப்போம், எங்கட்கு வாராது. மூன்றாம் வாரத்திலேதான், பந்தைக் கீழே வைத்துவிட்டு, ‘இடக்கால் எங்கே ஊன்றினாய் என்று மட்டும் சொல்’ எனக் கேட்கத் தொடங்கினார்.

மடற்பனை, தானே உதிர்த்தாலன்றிப் பிறர் ஏறிக் கொள்ளவிடாது. தம் திறத்தின் நுட்பங்களைத் தம் சிறப்பெனக் காத்து, கேட்டார்க்கு உரையாதார் இவர். பருத்தியை அடைத்த குண்டிகை, சிறிது சிறிதாகவே கொடுக்கும். அறிவிருந்தும் சொல்லும் வன்மை இல்லாதார் இவர். இவ்விரண்டைப் பற்றியும் யான் மிகச் சொல்ல வேண்டுவதில்லை. நான்காவதாகிய முடத்தெங்கே எனக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. தென்னஞ்சோலையும் எண்ணெய்ச் செக்கும் நிறைந்த காங்கேயத்திற் பிறந்தமையால், இவ்வுவமையை உரைகாரர் உதவியின்றியே யான் அறிவேன். ஒருவர் நீரூற்றி வளர்க்க, வேலிக்கு அப்பால் வளைந்து அயலார் தோட்டத்தில் காய் உதிர்க்கும் மரம் அது. நேற்றுவரை உடனாடிய தோழியர் சிலர்பாற் சாய்ந்து, உழைத்தார் ஒருத்தியிருக்க மற்றொருத்திக்கு இடமளிக்கும் பயிற்றுநர் முடத்தெங்கே. புதிதாய் அப்பதவி ஏற்கும் முன்னாள் ஆட்டக்காரிக்கு இதனினும் கொடிய சோதனை வேறில்லை. ‘அக்கா’ என்றழைத்துத் தோளிற் கைபோட்டவர்களுள் யாரைப் பன்னிருவருட் சேர்ப்பது, யாரை விடுப்பது என்பதில் அவரும் வாய்திறத்தல் வேண்டுமன்றோ?

அயல்நாட்டில் இந்நிலையில் நின்றார் வரலாறுகள் நன்கு எழுதப்பட்டுள்ளன. டென்னஸீ பல்கலைக்கழகத்து ஹாலி வார்லிக், ஓட்டப் பந்தயத்திற்கெனச் சேர்ந்து, 1976 முதல் 1980 வரை அதன் கூடைப்பந்து அணியில் ஆடினார். அவரைப் பயிற்றியவர் பாட் சம்மிட். 1985-இல் அதே சம்மிட்டிற்குத் துணைப் பயிற்றுநராய் மீண்டு, 27 ஆண்டுகள் அவர் அருகில் அமர்ந்தார். அவ்வணி நாட்டுப் பட்டம் வென்ற எட்டு முறையும் அவர் துணைவராகவே இருந்தார். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தமக்கு நினைவழிக்கும் நோய் இளமையிலேயே தொடங்கிற்றென்பதைச் சம்மிட் உலகிற்கு அறிவித்தார். அதன்பின் நிகழ்ந்த ஆட்டப் பருவத்தில் பட்டம் சம்மிட்டிடமே இருக்க, பாரம் பெரிதும் வார்லிக்மீது இறங்கிற்று. தலைவர் மறந்ததைத் தாம் நினைந்து, தலைவர் மறந்தார் என்பது பிறர்க்குத் தோன்றாவண்ணம் நடத்தல் எத்தகைய தொண்டு! 2012-இல் அவரே தலைமை ஏற்று, 2019 வரை அப்பதவியில் இருந்தார். குருவின் அளவிற்கு அவர் வெற்றி பெற்றிலர் என்பதும் மெய்யே. துணைமையிற் சிறந்தார் யாவரும் தலைமையிலும் அங்ஙனமே சிறப்பர் என்பதற்கில்லை. அதனால் அவ்விருபத்தேழு ஆண்டுகள் சிறியவாகா என்பது என் கருத்து.

பெக்கி ஹாமன் கதை வேறுவிதம். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிப் பின் தொழில்முறை ஆட்டக்காரியான இவர், 2013-இல் முழங்கால் நார் அறுந்து ஆட இயலாதிருந்தார். அவ்வோய்வை வீணாக்காது, அதே ஊரின் ஆடவர் அணியாகிய சான் அன்டோனியோ ஸ்பர்ஸின் பயிற்சிக்கும் கலந்தாய்வுக்கும் நாள்தோறும் சென்றமர்ந்தார். 2014-இல் அவ்வணி அவரைத் துணைப் பயிற்றுநராக்கிற்று. என். பி. ஏ. என்னும் ஆடவர் கழகத்தில் முழுநேரத் துணைப் பயிற்றுநராய் ஊதியம் பெற்ற முதற் பெண்மணி அவரே. 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், தலைமைப் பயிற்றுநர் கிரெக் பாப்பவிச் ஆட்டத்தின் இடையே வெளியேற்றப்பட்டார். ஹாமன் எழுந்து அணியை நடத்தினார். அமர்ந்திருந்து எழுதற்கு ஆயத்தமாதல் என்று மேலே கூறினேனே, அதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. பின்னர் லாஸ் வேகாஸ் மகளிர் அணிக்குத் தலைமை ஏற்று, 2022, 2023 ஆகிய ஈராண்டும் பட்டம் வென்றார்.

நம் நாட்டின் நிலைக்கு வருவோம். ஹரியானா மாநிலத்து ஷிபா மக்கோன் நாட்டிற்காக ஆடியதோடமையாது, பயிற்றுநராகவும் நடுவராகவும் விளங்கியவர். மூன்று வரிசையிலும் நின்றார் மிகச் சிலரே. சங்கனாசேரி அசம்ப்ஷன் கல்லூரியிற் பயின்ற கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியா சென்று தொழில்முறையாக ஆடி, 2011-இல் அமெரிக்க மகளிர் அணிகள் மூன்றின் தேர்வுக்கும் சென்று வந்தார். 2014-இல் அர்ஜுனா விருது பெற்றார். நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரையோ பதினொன்றாம் அகவையிற் கூடைப்பந்தை எடுத்து, 2000 முதல் 2017 வரை பதினெட்டு ஆண்டு இந்திய அணியில் ஆடியவர். 19-ஆம் வயதில் அவ்வணியின் தலைவியானவர். எனக்கும் இப்பொழுது வயது அதுவே. தாயாகிய பின்னரும் மீண்டு வந்து, 2017-இல் பெங்களூரில் நிகழ்ந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆடினார். அங்கு இந்தியா இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் கஜகஸ்தானை 75-க்கு 73 என வென்றது. 2021-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. கீது, அனிதா இருவரும் தென்னக இரயில்வேயில் பணி பெற்றவர். ஆடுவார்க்கு அங்ஙனம் ஒரு நிழல் உண்டு. ஆட்டம் முடிந்து பயிற்ற விழைவார்க்கு அந்நிழல் அத்துணைப் பரந்ததன்று. பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கிய தேசிய விளையாட்டுக் கழகத்திலோ உடற்பயிற்சிக் கல்லூரியிலோ மேலும் பயின்று சான்றிதழ் பெறல் வேண்டும். அக்காலத்தில்தான் வீட்டில் வரன் பார்ப்பர்.

அக்காளுக்கும் அதுவே நேர்ந்தது. அவரும் எங்கள் பக்கத்தவரே. கோவையில் ஆண்டுதோறும் அகில இந்தியப் போட்டிகள் நடைபெறுவதாலும், கல்லூரிகள் விளையாட்டிற்கென இடம் ஒதுக்குவதாலும், கொங்குநாட்டுப் பெண்கள் பந்தெடுத்தலை இன்று எவரும் குறை கூறார். நானே விடுமுறை நாட்களில், தேங்காய்ப் பருப்பு அள்ளியபின் வெறுமையாய்க் கிடக்கும் சிமெண்டுக் களத்தில், சிவன்மலையை எதிர்நோக்கிப் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பேன். அப்பாரு கட்டிலிலிருந்து பார்த்திருப்பார். மூன்றாண்டு ஆடட்டும் என்பர் வீட்டார். அதன்பின்னும் ஒரு பெண் தளத்திற்கே போகிறேன் என்றால், ‘இன்னும் என்ன விளையாட்டு?’ என்று கேட்பர். அக்காள் தம் தந்தையாரிடம் ஓராண்டு தவணை கேட்டு வந்திருந்தார். சம்பளம் தையற்கூலி அளவே. தவணையின் நாட்களை அவர் எண்ணிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியும், நாங்கள் கேட்டதில்லை.

காளைக்குப் பேர்பெற்ற எங்கள் ஊரில், புதுக் காளையைப் பழகிய எருதோடு இணைத்தே நுகத்திற் பூட்டுவர் என்று அப்பாரு சொல்லக் கேட்டிருக்கிறேன். வண்டிக்காரன் சாட்டையால் உரைப்பதைவிடப் பக்கத்து எருது தோளால் உரைப்பது விரைவில் விளங்குமாம். பெண்களை எருதோடு ஒப்பிட்டேன் எனத் தோழியர் சினவற்க. எங்கள் ஊரில் அஃது இழிவன்று.

மண்டலப் போட்டிக்குப் பன்னிருவரைத் தெரிந்தெடுக்கும் நாள் வந்தது. நான் பதின்மூன்றாமவள் ஆனேன். பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுமுன், மாலையில் விடுதி வாயிலுக்கு அக்காள் தாமே வந்தார். என்னைவிட்டு விடுமாறு கருத்துரைத்தவர் தாமே என்றும், தலைமைப் பயிற்றுநர் அதனை ஏற்றார் என்றும் மறையாது சொன்னார். ஒரே ஊர்ப்பக்கத்தார், ஈராண்டு ஒரே அறையிலிருந்தோம். ஆதலின் அவர் எனக்காக ஒரு சொற் சொல்லியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றிற்று. ‘கண்ணு, நீ பந்தையே பார்க்கிறாய், ஆளைப் பார்ப்பதில்லை. அதனால் உன் ஆள் உன்னைக் கடந்து போய்விடுகிறாள். நான்கு ஆட்டத்தில் எண்ணியிருக்கிறேன்’ என்று தம் குறிப்பேட்டை விரித்தார். என் பெயருக்கு நேரே பதினேழு கோடுகள் இருந்தன. அவற்றிற் பலவற்றை நான் அறிந்ததே இல்லை. நான் அழுதேன். அவர் போகாமல் படியில் உட்கார்ந்திருந்தார். முடத்தெங்கைப் பற்றி அன்றைய காலைதான் வகுப்பில் படித்திருந்தேன்.

மறுவாரம் அவர் அக்குறிப்பேட்டையும் பென்சிலையும் என்னிடம் தந்து, பெஞ்சின் பின்னே அமர்ந்து, எந்த ஆட்டக்காரியை எதிரி எத்தனை முறை கடக்கிறாள் என்று எண்ணச் சொன்னார். முதல் ஆட்டத்தில் பந்தையே பார்த்திருந்து பாதியை விட்டுவிட்டேன். இரண்டாம் ஆட்டத்தில், பந்து எங்கோ இருக்க, கண்ணை ஆள்மேல் நிறுத்தப் பழகினேன். ஓராண்டுத் தவணை சென்ற மே மாதத்தில் முடிந்தது. அக்காள் பாட்டியாலாவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறார். அவர் வீட்டிலிருந்து இன்னும் மறுமொழி வரவில்லை. குறிப்பேடு என்னிடம் இருக்கிறது. அதில் எழுதப்படாத தாள்கள் இன்னும் நாற்பத்தொன்று உள.